14ஆம் வாரம் வரும்வரை: வரிசை மாறி வரும் ஃபைல் துண்டுகளை அடுக்கி எழுத ஒரு வழிகாட்டி

வார இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கும் பழக்கம் ஒருகாலத்தில் பல வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒரு கதையில் 13 வாரம் தைத்தாகிவிட்டது. 14ஆம் வாரத்து இதழை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவே இல்லை. 15, 16, 17 எல்லாம் கையில் இருந்தும் தைக்க முடியாது. அம்மா அவற்றுக்கு ரப்பர் பேண்டு போட்டு டிரங்குப் பெட்டியில் ஓரமாக வைத்திருந்தார். ஒருவழியாக 14 வந்து சேர்ந்த அன்று நான்கு வாரமும் ஒரே மூச்சில் தைக்கப்பட்டன.

இந்தக் கட்டுரையில் நாம் எழுதப்போகும் நிரலின் மையம் அவ்வளவுதான். தைக்கும் ஊசி ஒன்று, டிரங்குப் பெட்டி ஒன்று, அடுத்து எந்த வாரம் வேண்டும் என்ற நினைவு. இதை நிரலாக எழுதினால் இருபது முப்பது வரி வரும். இரவல் வாங்கியவர் வரவே இல்லையென்றால் என்ன செய்வது, பெட்டி நிரம்பிவிட்டால் என்ன செய்வது, "உங்கள் இதழ் பத்திரமாக இருக்கிறது" என்று யாரிடம் எப்போது சொல்வது, இவைதான் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் முதல் பகுதியை வேகமாகவும் பின்பகுதியை நிதானமாகவும் சொல்லப்போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிஜமான அமைப்பை வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் எஸ்எஃப்டிபி (வலை வழியாகப் பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) கிளையன்ட். ஊழியரோ வாடிக்கையாளரோ ஃபைல் அனுப்புகிறார். மறுபக்கம் அமேசான் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோர், அதாவது ஃபைல்களை வாங்கி வைக்கும் இணையக் கிடங்கு. நடுவில், இங்கே வாங்கி அங்கே கொடுக்க நீங்கள் எழுதும் கேட்வே சர்வர். த்ரெட், லாக் (பூட்டு) என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும். எந்த மொழியில் எழுதினாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். துண்டுகள் போய்ச் சேரும் இடம் சாதாரண டிஸ்க் என்றால் அடுக்கவே வேண்டாம். ஃபைலின் நடுவில் எந்த இடத்திலும் எழுத டிஸ்க் விடும். யூனிக்ஸில் 'பி-ரைட்' என்று அழைக்கப்படும் அழைப்புக்கு இடத்தையும் தரவையும் கொடுத்தால் அங்கே எழுதிவிட்டு வந்துவிடும். டோரென்ட் மென்பொருள்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. 16 கிலோபைட் துண்டுகளை எந்த வரிசையில் யாரிடமிருந்து வாங்கினாலும் அததன் இடத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கின்றன.

தலையிலிருந்து வால் வரை ஒரே போக்கில் மட்டுமே வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு எழுதும்போதுதான் சிக்கல். போகிற வழியிலேயே ஜிப் செய்வது, என்கிரிப்ட் செய்வது, ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) கணக்கிடுவது, ஆப்ஜெக்ட் ஸ்டோருக்கு ஓடையாக அனுப்புவது எல்லாம் இந்த வகை. ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளின் ஃபைல் அமைப்பான எச்டிஎஃப்எஸ் இன்னொரு உதாரணம். அதில் ஃபைலின் கடைசியில் சேர்க்கலாமே தவிர நடுவில் கை வைக்க முடியாது. அதை வலைவழி ஃபோல்டராகக் காட்டும் என்எஃப்எஸ் கேட்வே பற்றிப் பிறகு வருகிறேன்; அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டிஸ்க் இடமும் கொஞ்சம் தாமதமும் உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. முழு ஃபைலையும் லோக்கல் டிஸ்க்கில் வாங்கி வைத்து, கிளையன்ட் மூடியதும் மொத்தமாக மேலே ஏற்றுங்கள். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதுவே போதும். 200 ஜிபி ஃபைல்கள் வருகின்றன, டிஸ்க் சின்னது என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

வரிசை எங்கே மாறுகிறது?

"டிசிபி வரிசையாகத்தானே கொடுக்கும்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். டிசிபி என்பது வலையில் தரவைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை நெறிமுறை. ஆமாம், அது வரிசையாகத்தான் கொடுக்கிறது. வலையில் பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்தாலும் டிசிபியே அடுக்கிவிடும். குழப்பம் அதற்கு மேலே நடக்கிறது.

எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு எழுதும் கோரிக்கையிலும் நான்கு விஷயம் இருக்கும்: கோரிக்கையின் எண், எந்த ஃபைல் என்ற ஹேண்டில், ஆஃப்செட், தரவு. ஆஃப்செட் என்றால் இந்தத் துண்டு ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி உட்கார வேண்டும் என்ற 64 பிட் எண். ஒவ்வொரு துண்டும் தன் இருக்கை எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வருகிறது என்பதால், எந்த வரிசையில் வந்தாலும் அர்த்தம் மாறாது.

ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருள் தொகுப்பின் எஸ்எஃப்டிபி கிளையன்ட் ஒரு துண்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. 32,768 பைட் துண்டுகளாக, ஒரே நேரத்தில் 64 கோரிக்கைகளைப் பதில் வராமலே பறக்கவிடும் என்பது அதன் வழக்கமான அளவு. இது ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்தில் சர்வர் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாக அனுப்பிக் காத்திருந்தால் செகண்டுக்கு ஐந்து துண்டு, அதாவது 160 கிலோபைட். எவ்வளவு பெரிய இணைப்பு வைத்திருந்தாலும் அவ்வளவுதான். 64ஐயும் பறக்கவிட்டால் செகண்டுக்கு 10 மெகாபைட்.

இந்த 64 கோரிக்கைகளும் சர்வருக்கு வரிசையாகத்தான் வந்து சேர்கின்றன. அங்கே எட்டு த்ரெட்டுகள் ஆளுக்கு ஒன்றாக எடுக்கும். மூன்றாவதை எடுத்த த்ரெட்டை இயங்குதளம் ஒரு கணம் தூங்க வைக்கிறது, நான்காவது முந்திக்கொள்கிறது. தீர்ந்தது, வரிசை மாறிவிட்டது. 2001இல் வந்த எஸ்எஃப்டிபி வரைவே இதை அனுமதிக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று ஏறாத கோரிக்கைகளை சர்வர் இணையாகச் செய்யலாம், மேலே மேலே விழுகிறவற்றை மட்டும் வந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தொலைவில் உள்ள சர்வரை எஸ்எஸ்எச்எஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் மூலம் ஃபோல்டர் போல மவுன்ட் செய்திருந்தால், எழுதுவது நிரல் அல்ல, இயங்குதளத்தின் மையமான கெர்னலாக இருக்கலாம். அது மெமரியில் மாறி, இன்னும் அனுப்பப்படாத 'அழுக்குப் பக்கங்களை'த் தனக்கு வசதியான நேரத்தில், வசதியான வரிசையில் அனுப்பும். இங்கே கிளையன்டிலிருந்து கிளம்பும்போதே வரிசை கலைந்திருக்கலாம். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பின்னால் ஓரிடத்தில் இது கழுத்தைப் பிடிக்கும்.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள்

ஒரு வரி நிரல் எழுதுமுன், எழுதும் கோரிக்கை வந்து சேரும் இடத்தில் ஆஃப்செட்டையும் நீளத்தையும் பதிவு செய்யுங்கள். ஒரு 10 எம்பி ஃபைலை அனுப்பி அந்தப் பதிவைப் படியுங்கள். உங்கள் மேசையிலேயே இருக்கும் சர்வருக்கு அனுப்பினால் பெரும்பாலும் வரிசையாகவே தெரியும். அதை நம்பிவிடாதீர்கள். மெஷினுக்கு வேறு வேலை கொடுத்து மூச்சு வாங்க வையுங்கள், அப்புறம் பாருங்கள். நான்காவது துண்டு மூன்றாவதற்கு முன் வரும் அந்த வரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மீதிக் கட்டுரை சட்டென்று மனதில் நிற்கும்.

படி 2: ஊசியும் பெட்டியும்

திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, 'அடுத்தது' என்ற எண்: இதுவரை எழுதி முடித்த இடம், 0இல் தொடங்கும். இரண்டு, 'காத்திருப்பு' என்ற பட்டியல், அதாவது நம் பெட்டி: ஆஃப்செட்டை வைத்து வரிசைப்படுத்தப்பட்ட மேப். துண்டு ஒன்று வரும்போது அதன் ஆஃப்செட்டை 'அடுத்தது' உடன் ஒப்பிடுங்கள். சமம் என்றால் எழுதி, 'அடுத்தது'வைத் துண்டின் நீளத்தால் கூட்டுங்கள். பெரியது என்றால் காத்திருப்பில் போடுங்கள். சிறியது என்றால் அது தனிக் கதை, படி 6இல்.

ஐந்து துண்டுகளை ஓட்டிப் பார்ப்போம். வந்த வரிசை: 0, 65,536, 98,304, 32,768, 1,31,072.

0 வந்தது. 'அடுத்தது'வும் 0. எழுதியாயிற்று, 'அடுத்தது' இப்போது 32,768.
65,536 வந்தது. பெரியது. பெட்டிக்குள் போகிறது.
98,304 வந்தது. அதுவும் பெட்டிக்குள்.
32,768 வந்தது. சமம். எழுதியதும் 'அடுத்தது' 65,536 ஆகிறது. பெட்டியைத் திறந்தால் 65,536 இருக்கிறது, எழுது. 'அடுத்தது' 98,304. அதுவும் இருக்கிறது, எழுது. 'அடுத்தது' 1,31,072. பெட்டி காலி.
1,31,072 வந்தது. சமம், நேராக எழுதியாயிற்று.

நான்காவது வரியில் பெட்டியை எத்தனை முறை திறந்தோம் என்று கவனியுங்கள். ஒன்று எடுத்ததும் நிறுத்தாமல், கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். 'வொய்ல்' போட வேண்டிய இடத்தில் 'இஃப்' போட்டுவிட்டு, கடைசியில் சில துண்டுகள் பெட்டியிலேயே தங்கிப்போய்விட்டன என்று தலையைச் சொறிவது இந்தத் தொழிலின் காதுகுத்துச் சடங்கு மாதிரி. எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

ஒப்பிடுவதும் பெட்டியில் போடுவதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும். ஆனால் மேலே ஏற்றும் மெதுவான வேலையை அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டே செய்தால் மற்ற த்ரெட்டுகள் எல்லாம் வாசலில் நிற்கும். ஃபைலுக்கு ஒரே ஒரு எழுத்தர் த்ரெட் வையுங்கள். மற்றவை பெட்டியில் போட்டுவிட்டு, மணியடித்துவிட்டுப் போய்விட வேண்டும். ஊசி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் சண்டை வராது.

படி 3: நகல் எடுத்தீர்களா?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. என் முதல் கேட்வேயில் ஃபைலின் அளவு பைட் பிசகாமல் சரியாக இருந்தது. ஆனால் நூறு ஃபைலில் ஒன்றிரண்டுக்கு மட்டும் ஷா256 ஒத்துப்போகவில்லை. அடுக்கும் கணக்கில் தவறு என்று நினைத்து மூன்று நாள் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு சரி. நான் பெட்டிக்குள் போட்டது தரவை அல்ல, தரவு இருக்கும் இடத்தின் முகவரியை. நெட்வொர்க் நூலகம் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரே பஃபரில் (தற்காலிக மெமரி இடத்தில்) மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தது. 65,536க்கான துண்டு பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த பாக்கெட்டின் தரவு வந்து விழுந்துவிட்டது.

வரிசையாக வந்த துண்டுகள் உடனே எழுதப்பட்டதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காத்திருந்தவை மட்டும் கெட்டன. அதனால்தான் எப்போதாவது மட்டும் வந்தது. உங்கள் நூலகம் பஃபரை உங்களிடமே விட்டுவிடுகிறதா, திரும்பப் பயன்படுத்துகிறதா என்று ஆவணத்தில் படியுங்கள். சந்தேகம் இருந்தால் பெட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் நகலெடுங்கள். நேராக எழுதப்படுவதற்கு நகல் வேண்டாம்.

படி 4: பெட்டிக்கு ஒரு அளவு

அளவில்லாத பெட்டி என்றைக்காவது ஒருநாள் மொத்த மெமரியையும் தின்னும். எவ்வளவு வைப்பது? 64 துண்டு, ஒவ்வொன்றும் 32 கிலோபைட், அப்படியானால் ஒரு ஃபைலுக்கு 2 மெகாபைட். நூறு பேர் ஒரே சமயத்தில் அனுப்பினால் 200. கையாளக்கூடியதுதான். ஆனால் எல்லாக் கிளையன்டும் 64இல் நிற்கும் என்று சட்டமில்லை. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பாராமிகோ ஃபைல் ஏற்றும்போது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே போகும். துண்டின் அளவும் கிளையன்டுக்குக் கிளையன்ட் மாறும். ஆகவே துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, பைட் கணக்கில் எல்லை வையுங்கள். ஃபைலுக்கு ஒன்று, மொத்த சர்வருக்கு ஒன்று.

எல்லையைத் தொட்டதும் என்ன செய்வது? முதலில் தோன்றும் யோசனை, "இடம் வரும்வரை த்ரெட்டைக் காக்க வை" என்பது. இதுதான் பொறி. எட்டு த்ரெட்டுகளும் ஆளுக்கொரு பின்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 14ஆம் வாரத்துக்காகக் காத்திருக்கின்றன. 14ஆம் வாரமோ வாசலுக்கு வெளியே, எடுக்க ஆளில்லாமல் நிற்கிறது. இனி இந்தப் பிறவியில் எதுவும் நகராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்டை வைத்துச் சோதித்தால் இது பெரும்பாலும் தெரியாது. அது வரிசையாக அனுப்புகிறது, த்ரெட்டுகளும் வரிசையாக எடுக்கின்றன. அதனால் 15ஐ ஒருவர் கையில் எடுக்கும் முன்பே 14 இன்னொருவர் கையில் இருக்கும். மவுன்ட் செய்து பயன்படுத்தும் ஒருவர் வரும் நாளில்தான், கிளம்பும்போதே கலைந்த வரிசையோடு வந்து, சர்வர் உறையும். பதிவில் எரர் ஒரு வரி கூட இருக்காது.

இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தால் தப்பிக்கலாம். 'அடுத்தது' எந்த ஆஃப்செட்டைக் காட்டுகிறதோ, அந்தத் துண்டைப் பெட்டி நிரம்பி வழிந்தாலும் உள்ளே விடுங்கள். அது வந்தால்தான் பெட்டியே காலியாகும். அடுத்து, கோரிக்கையை எடுக்கும் த்ரெட்டைக் காக்க வைக்காதீர்கள். துண்டையும் கோரிக்கை எண்ணையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு அது திரும்பிப் போகட்டும். பதிலை எழுத்தர் பிறகு அனுப்புவார்.

சரி, 14 வராமலே பெட்டி நிரம்பிவிட்டது என்றால்? டிஸ்க்கில் கொட்டலாம். ஹடூப்பின் என்எஃப்எஸ் கேட்வே அதைத்தான் செய்கிறது. ஒரு ஃபைலுக்கு முன்கூட்டி வந்த துண்டுகள் மெமரியில் சுமார் 1 எம்பியைத் தாண்டினால், அவற்றைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இறக்கிவிடும். அந்த ஃபோல்டருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு அதன் ஆவணம் தரும் கணக்கு நேர்மையானது: தலா 100 எம்பி உள்ள பத்து ஃபைல்களை ஏற்றினால் சுமார் 1 ஜிபி இடம் வைத்துக்கொள். அதாவது மோசமான நாளில் எல்லாமே தலைகீழாக வரலாம், முழு ஃபைலும் காத்திருப்பில் கிடக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. டிஸ்க்கில் கொட்ட விருப்பமில்லை என்றால் எரர் கொடுத்து முடித்துவிடுங்கள். உறைந்து நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

படி 5: "பெற்றுக்கொண்டேன்" என்று எப்போது சொல்வது?

பெட்டியில் போட்டதுமே சரி என்று பதில் அனுப்பலாம். வேகமாக இருக்கும். ஆனால் நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துண்டு எங்கேயும் எழுதப்படவில்லை. எழுத்தர் கைக்குப் போன பிறகு பதில் அனுப்பினால் அந்தப் பொய் கொஞ்சம் சிறியதாகும். கூடவே ஒரு நன்மையும் உண்டு: பதில் வராத கோரிக்கைகளை 64க்கு மேல் வைத்துக்கொள்ளாத கிளையன்ட் தானாகவே நிதானிக்கும். தனியாகத் தடுப்பு வைக்க வேண்டியதில்லை. நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன்.

எப்படியானாலும் முழு உண்மை ஆப்ஜெக்ட் ஸ்டோர் "முடிந்தது" என்று சொல்லும்போதுதான் தெரியும். அது நடப்பது கிளையன்ட் ஃபைலை மூடும்போது. ஆகவே மூடும் கோரிக்கைக்கு அவசரப்பட்டுப் பதில் அனுப்பாதீர்கள். பெட்டி காலியா என்று பாருங்கள், கடைசிப் பகுதியை ஏற்றுங்கள், ஸ்டோரின் பதிலை வாங்குங்கள், அதன் பிறகே வெற்றியா தோல்வியா என்று சொல்லுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்ட் மூடும்போது வரும் எரரை மதித்து, ஏற்றம் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். அதைப் பார்க்காமல் போகும் நிரல்களும் உலகில் உண்டு. அவர்களுக்காக இன்னொரு ஏற்பாடு: நடுவில் ஒரு எரர் வந்துவிட்டால் அதை ஃபைலோடு ஒட்டி வைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு எழுதும் கோரிக்கைக்கும் அதே எரரைத் திருப்புங்கள். ஒருமுறை உடைந்தது உடைந்ததுதான்.

படி 6: வராதது, திரும்ப வந்தது, பின்னால் போவது

துண்டு ஒன்று வரவே இல்லை. எவ்வளவு நேரம் பார்ப்பது? ஆப்ஜெக்ட் ஸ்டோர்களை ஃபோல்டர் போல மவுன்ட் செய்ய உதவும் ஆர்குளோன் மென்பொருளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. வரிசையில் அடுத்த துண்டு வரும்வரை வழக்கமாக 1 செகண்ட் காத்திருக்கும், வரவில்லையென்றால் எரர். மெதுவான இணைப்புகளுக்கு ஒரு செகண்ட் குறைவு என்று தோன்றலாம். நான் பத்து செகண்ட் வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஓர் எல்லை இருந்தே ஆக வேண்டும். காரணம், பின்துண்டுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் முன்துண்டை அனுப்புவேன் என்று உட்காரும் கிளையன்டும் இருக்கலாம். நீங்கள் அதற்காகக் காத்திருக்க, அது உங்களுக்காகக் காத்திருக்கும்.

மூடும்போது பெட்டியில் ஏதாவது மிச்சமிருந்தால் அது தோல்வி. பேச்சே இல்லை. இடைவெளியைப் பூஜ்யங்களால் நிரப்பி முழு ஃபைல் போல ஒப்பேற்றும் நிரலைப் பார்த்திருக்கிறேன். நடுவில் விட்ட இடத்தைப் படித்தால் டிஸ்க் பூஜ்யம் காட்டும், அதனால் அது சரிதான் என்று அதை எழுதியவருக்கு நினைப்பு. அளவு சரியாக இருக்கும், திறந்தால் பாதிப் படம் கறுப்பாக இருக்கும். கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

இனி, ஆஃப்செட் 'அடுத்தது'வைவிடச் சிறியதாக வரும் கதை. இதில் மூன்று வகை. முதல் வகை, ஏற்கெனவே எழுதிய துண்டே மறுபடி வருவது. என்எஃப்எஸ் மவுன்டில் பதில் தொலைந்துபோனால் கிளையன்ட் அதையே திரும்ப அனுப்பும். ஹடூப் கேட்வே இங்கே எழுதியதையும் வந்ததையும் ஒப்பிட்டு, ஒரே தரவு என்றால் வெற்றி என்று சொல்லிவிடும். இரண்டாம் வகை, துண்டின் முன்பாதி பழையது, பின்பாதி புதியது. பழையதை வெட்டிவிட்டுப் புதியதை மட்டும் எழுதலாம், பழைய பாதி நிஜமாகவே ஒத்துப்போகிறது என்று தெரிந்தால்.

மூன்றாம் வகைக்கு மருந்தே கிடையாது. நிரல் வேண்டுமென்றே பின்னால் போய் மாற்றி எழுதுகிறது. வீடியோ மென்பொருள் எம்பி4 ஃபைலை நேராக மவுன்டில் எழுதினால், கடைசியில் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் அளவைத் திருத்தும். நீங்கள் அந்தப் பக்கத்தை எப்போதோ தைத்து அனுப்பிவிட்டீர்கள். எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் இதைச் சமாளிக்க முடியாது. தெளிவான எரர் கொடுங்கள், அல்லது அந்த ஃபைலுக்கு மட்டும் முழு டிஸ்க் நகல் முறைக்குப் போங்கள். ஆர்குளோனில், எழுதுவதை முதலில் டிஸ்க்கில் வாங்கி வைக்கும் 'ரைட்ஸ்' என்ற கேஷ் நிலை இருப்பதே இதற்காகத்தான்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்றமும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். எஸ்எஃப்டிபி கிளையன்டில் இதற்கு 'ரீ-புட்' என்று ஒரு கட்டளை உண்டு. முதல் துண்டே 50,00,000 என்ற ஆஃப்செட்டில் வரலாம். உங்கள் 'அடுத்தது' 0இல் இருந்தால் அது டைம்அவுட் ஆகும்வரை காத்திருந்து சாகும். பாதி ஆப்ஜெக்டின் மேல் ஒட்ட முடியாத ஸ்டோர் என்றால், காத்திருக்காமல் உடனே மறுத்துவிடுங்கள்.

படி 7: எஸ்3 பக்கம் ஒரு குறுக்கு வழி

எஸ்3இல் பெரிய ஃபைலைப் பகுதி பகுதியாக ஏற்றலாம். கடைசிப் பகுதியைத் தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 மெகாபைட், மொத்தம் 10,000 பகுதிகளுக்கு மேல் கூடாது. 32 கிலோபைட் துண்டுகள் 160 சேர்ந்தால் ஒரு பகுதி. எழுத்தர் துண்டுகளை அடுக்கி 160 ஆனதும் ஏற்ற வேண்டியது, அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால், பகுதிகளை எந்த வரிசையில் ஏற்றினாலும் எஸ்3 ஏற்றுக்கொள்ளும். பகுதி எண்ணை வைத்துக் கடைசியில் அதுவே கோத்துவிடும். ஆகவே முழு ஃபைலுக்கும் ஒரு 'அடுத்தது' வைக்காமல், ஆஃப்செட்டைப் பகுதி அளவால் வகுத்து, எந்தப் பகுதியோ அந்தப் பகுதியின் பஃபரில் நேராக அதன் இடத்தில் போடலாம். பகுதி நிரம்பியதும் கிளப்பிவிடுங்கள். நிரம்பியதா என்பதை மட்டும் ஏமாறாமல் கணக்கு வையுங்கள். ஒரே துண்டு இருமுறை வந்து, எண்ணிக்கை 160 ஆகி, நடுவில் ஓட்டையோடு பகுதி கிளம்பிவிடக் கூடாது. வழியில் ஜிப்போ என்கிரிப்ஷனோ செய்தால் இந்தக் குறுக்கு வழி கிடையாது.

பகுதியின் அளவை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்பதும் ஒரு சங்கடம். எஸ்எஃப்டிபி கிளையன்ட் ஃபைல் எவ்வளவு பெரியது என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 5 மெகாபைட் வைத்தால் 10,000 பகுதியில் 49 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகவே தீர்ந்துவிடும். 60 ஜிபி ஃபைல் முக்கால்வாசிக்கு மேல் ஏறிய பிறகு தோல்வி அடைவதைப் பார்க்க நேர்ந்தால் அழுகை வரும். 32 மெகாபைட் வைத்தால் 312 ஜிபி வரை போகலாம். அதற்கு விலை மெமரி.

தோல்வியில் முடிந்த ஏற்றத்தைக் கைவிடும்போது, ரத்து செய்யும் அழைப்பை மறக்காதீர்கள். பாதியில் நிற்கும் பகுதிகள் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். உங்கள் சர்வரே நடுவில் செத்தாலும் காப்பாற்ற, முடியாத ஏற்றங்களைச் சில நாளில் நீக்கும் லைஃப்சைக்கிள் விதியையும் பக்கெட்டில் (எஸ்3இல் உங்கள் ஃபைல்கள் இருக்கும் கொள்கலனில்) போட்டு வையுங்கள்.

படி 8: கலைத்துப் போட்டுச் சோதியுங்கள்

நிஜக் கிளையன்டுகளை மட்டும் நம்பினால் அரிதாக வரும் வரிசைகள் சோதனையில் வரவே வராது. துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து அனுப்பும் சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். கலைக்கப் பயன்படுத்திய ரேண்டம் விதை எண்ணை அச்சிடுங்கள். தோல்வி வந்தால் அதே கலைப்பை மறுபடி ஓட்ட முடியும். முழுக்கத் தலைகீழாக அனுப்பிப் பாருங்கள். ஒன்றை இருமுறை அனுப்புங்கள். ஒன்றை அனுப்பாமலே மூடுங்கள். அதற்கு எரர் வந்தால்தான் சோதனை வெற்றி. கடைசித் துண்டு முழு அளவில் இல்லாத ஃபைல், ஒரு பைட் ஃபைல், வெறும் ஃபைல் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

சோதனை ஃபைலில் ரேண்டம் தரவு போடாதீர்கள். ஒவ்வொரு 32,768 பைட் துண்டையும் அதன் சொந்த எண்ணால் நிரப்புங்கள்: முதல் துண்டு முழுக்க 0000, அடுத்தது முழுக்க 0001 என்று. கெட்டுப்போன ஃபைலைத் திறந்ததும் 0002 இருக்க வேண்டிய இடத்தில் 0005 இருக்கிறதா, பூஜ்ய பைட்டுகள் இருக்கின்றனவா, பாதி இதுவும் பாதி அதுவுமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இடம் மாறியிருந்தால் அடுக்கும் கணக்கில் தவறு. ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் நகல் எடுக்க மறந்திருக்கிறீர்கள். என் மூன்று நாளை இது மூன்று நிமிடமாக்கியிருக்கும்.

வாடிக்கையாளரின் ஃபைல் கெட்டுவிட்டது, மூலமும் கையில் இருக்கிறது என்றால் 'சிஎம்பி' கட்டளையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலில் வேறுபடும் பைட்டின் எண்ணைச் சொல்லும். அது 1இலிருந்து எண்ணும், ஆகவே ஒன்றைக் கழித்து 32,768ஆல் வகுங்கள். 65,537 என்று வந்தால் மீதியில்லாமல் 2. துண்டின் எல்லையில் சரியாகக் கெடுதல் தொடங்குகிறது, ஆகவே சந்தேகம் உங்கள் பெட்டியின் மேல்தான். மீதி வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், எஸ்எஃப்டிபி கட்டளையில் பெரிய எழுத்து 'ஆர்' ஆப்ஷனுக்கு 1 என்று கொடுத்து அதே ஃபைலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கைதான் பறக்கும், வரிசை கலைய வழியே இல்லை. இப்போது ஃபைல் சரியாக வந்தால் பழி உங்கள் அடுக்கலின் மேல். தவறைத் திருத்தும்வரை வாடிக்கையாளரிடம் "அந்த 1ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடத்தான் கை துறுதுறுக்கும். அவர் 200 மில்லிசெகண்ட் தூரத்தில் இருந்தால் செகண்டுக்கு 160 கிலோபைட்டில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலையில் போன் வரும்.